காசு பார்த்தல்

தமிழில் 'காசு பார்த்தல்' என்றால் சம்பாதித்தல் என்று பொருள். "அந்தத் தொழிலில் அவன் நன்றாகக் காசு பார்த்தான்" என்று சொல்வோம். நானும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாகக் காசு பார்த்து வருகிறேன். ஆனால், எனது பார்த்தல் வேறு வகையானது. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் ஒரு பழைய பால்மாப் பேணியைத் திறந்து, மேசையில் துணியொன்றை விரித்து, அதன்மேல் நாணயங்களைக் கொட்டுவேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பேன். பார்த்து முடிந்ததும் மீண்டும் பேணியில் இட்டு மூடிவிடுவேன். அவ்வளவுதான். ஒரேயொரு தடவை தவிர, இதனால் எனக்கு எந்த வருமானமும் கிடைத்ததில்லை. அந்த ஒரு தடவையைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

அண்மையில் இளம் பத்திரிகையாளர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். மேசையில் நாணயங்கள் பரவிக் கிடந்தன. சிறிது நேரம் ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருந்தவர், "ஐயா, இதெல்லாத்தையும் வித்தா எவ்வளவு வரும்?" என்று கேட்டார். அவர்மீது எனக்குக் கோபம் ஏற்படவில்லை. இந்தப் பேணியைக் கண்ட பத்துப் பேரில் ஒன்பது பேர் கேட்ட கேள்வி அது. தங்கத்தையும் காணியையும் போலப் பழைய நாணயமும் ஒரு முதலீடு என்று எண்ணுகின்ற காலம் இது. ஆயினும், அன்று எனக்குச் சரியான பதில் வரவில்லை. "பெரிசா ஒண்டும் வராது தம்பி" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கு எழுதுகிறேன்.

எங்கள் அப்பு, அதாவது அம்மாவின் தகப்பனார், வலிகாமத்தில் ஒரு சந்தியில் சிறிய பலசரக்குக் கடை வைத்திருந்தார். 1970களின் நடுப்பகுதியில் நான் ஆரம்பப் பாடசாலையில் படித்துக்கொண்டிருந்தேன். பாடசாலை விட்டதும் கடைக்கு ஓடுவேன். கடையின் மேசை லாச்சியில் சில்லறைகளைப் பிரித்து அடுக்குவது எனது வேலை. ஒரு சதம், இரண்டு சதம், ஐந்து சதம், பத்துச் சதம், இருபத்தைந்து சதம், ஐம்பது சதம், ஒரு ரூபா என ஏழு குவியல்கள். அவற்றுக்கிடையே எப்போதாவது ஒரு பழைய காசு வந்து விழும். அதைக் கண்டால், அதன் பெறுமதிக்குரிய புதிய காசை அப்பு தமது மடியிலிருந்து எடுத்து லாச்சியில் போட்டுவிட்டுப் பழையதை என்னிடம் தருவார். கடைக் கணக்கில் ஒரு சதமும் பிசகக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர். இப்படித்தான் பேணி நிறையத் தொடங்கியது.

சித்திரை வருடப் பிறப்பன்று கைவிசேடமும் அப்புவின் கையால்தான் கிடைக்கும். வெற்றிலையில் வைத்துத் தருவார். அதில் புத்தம் புதிய ரூபாக் குற்றி ஒன்று எப்போதும் இருக்கும். கைவிசேடக் காசை உடனே செலவழிக்கக் கூடாது என்பது வீட்டு வழக்கம். அவையும் பேணிக்குள் சென்றன.

ஆச்சிக்குக் கண்புரை. முகங்களையே குரலால்தான் அறிவார். ஆனால், காசில் அவரை ஏமாற்ற முடியாது. சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்துப் பெருவிரலால் ஒரு தடவு தடவுவார். "இது அஞ்சு சதம், இது ரெண்டு சதம்" என்று பிரித்துத் தருவார். இலங்கை நாணயங்களை வடிவமைத்தவர்கள் செய்த நல்ல காரியம் அது. ஐந்து சதம் மூலைகள் வளைந்த சதுரம். இரண்டு சதத்துக்கும் பத்துச் சதத்துக்கும் பூவிதழ்போல அலையலையான விளிம்பு. ஆனால், இரண்டு சதம் சிறிய அலுமினியக் காசு, பஞ்சுபோல் இருக்கும். பத்துச் சதம் பித்தளையில் ஆனது, பெரியது, கையில் பாரம் தெரியும். மற்றவை வட்டம். கண் தெரியாதவரும் எழுத்தறியாதவரும் கடைக்குப் போய்ச் சரியான மிச்சக்காசை வாங்கிவர அது போதும். "கண்ணை மூடிக்கொண்டு சொல்லு பாப்பம் மோனை, இது என்ன?" என்று ஆச்சி எனது உள்ளங்கையில் காசை வைத்து அழுத்துவார். நாணயத்தைத் தொட்டுப் பார்ப்பதில் ஒரு சுகம் உண்டு என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த விளையாட்டில்தான்.

அப்பு அதிகம் படித்தவர் அல்லர். ஆனால், இந்த நாட்டில் ஆட்சி எப்படியெல்லாம் மாறியது என்பதை அவர் காசுகளை வரிசையாக வைத்துச் சொல்வார். பிற்காலத்தில் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக வரலாற்றை முறையாகப் படித்தபோது, இதன் எலும்புக்கூடு எனக்கு முன்னரே தெரியும் என்ற எண்ணம் பல தடவை ஏற்பட்டதுண்டு.

வரிசையின் தொடக்கத்தில் விக்டோரியா மகாராணியின் செப்புச் சதம். அதில் 1870 என்று ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு ரூபாவுக்கு நூறு சதம் என்ற கணக்கு 1872இல் இலங்கையில் நடைமுறைக்கு வந்தபோது புழக்கத்துக்கு விடப்பட்ட நாணய வரிசை அது. ஒரு பக்கம் அரசியின் தலை. மறுபக்கம் ஓங்கி நிற்கும் ஒரு மரம், கூடவே தமிழ், சிங்கள எழுத்துக்கள். "பாத்தியா, வெள்ளைக்காரன் எங்கடை பனையைக் காசிலை போட்டிருக்கிறான்" என்று அப்பு பெருமைப்படுவார். அது எங்கள் பனை அன்று, தாளிப்பனை என்று பின்னர் நூலொன்றில் படித்தேன். அப்புவிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. இன்றும் அந்தக் காசை எடுக்கும்போது எனக்கு அது பனையாகத்தான் தெரிகிறது.

அடுத்து, ஏழாம் எட்வேர்ட் மன்னர் காலத்தில், 1909இல் வந்த முதலாவது சதுர ஐந்து சதம். அதன்பின் ஐந்தாம் ஜோர்ஜின் வெள்ளிக் காசுகள். இரண்டாம் உலகப் போர் வந்ததும் வெள்ளி மறைகிறது. 1943ஆம் ஆண்டின் ஐம்பது சதமும் இருபத்தைந்து சதமும் நிக்கல் கலந்த பித்தளையில் வருகின்றன. அதற்கு முந்திய ஆண்டில் உலோகத்துக்கே தட்டுப்பாடு. 1942இல் சில்லறைக்குப் பதிலாகக் கடதாசித் தாள்களை அச்சிட்டார்கள். அவற்றுள் ஐந்து சதத் தாளின் நடுவே, தபால் முத்திரைத் தாளில் இருப்பதுபோல, துளையிட்ட கோடொன்று இருந்தது. கிழித்தால் ஒரு பாதி இரண்டு சதம், மறுபாதி மூன்று சதம். கடைக்குப் போய் இரண்டு சதத்துக்குச் சாமான் வாங்கித் தாளைக் கிழித்துக் கொடுத்ததாக ஆச்சி சொன்னபோது நான் நம்பவில்லை. பல ஆண்டுகளின் பின் கொழும்பில் ஒருவரிடம் கிழிக்கப்படாத தாள் ஒன்றைக் கண்டபோது, மனதுக்குள் ஆச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஆறாம் ஜோர்ஜின் காசுகளில் இன்னொரு நுட்பம் உண்டு. 1943ஆம் ஆண்டுக் காசு அவரை 'மன்னரும் இந்தியாவின் பேரரசரும்' என்று சொல்கிறது. 1951ஆம் ஆண்டுக் காசு வெறுமனே 'மன்னர் ஆறாம் ஜோர்ஜ்' என்கிறது. இந்தியா கைவிட்டுப் போய்விட்டது. ஒரு பேரரசு முடிந்துபோனதை ஓர் ஐம்பது சதக் காசு இவ்வளவு அமைதியாகச் சொல்லிவிடுகிறது. அவருடைய மகள் எலிசபெத்தின் தலை இலங்கையின் புழக்கக் காசுகளில் ஒரேயொரு பெறுமதியில்தான் இடம்பெற்றது. 1955ஆம், 1957ஆம் ஆண்டுகள் பொறித்த இரண்டு சதம் அது. 1963இல் வந்த காசுகளில் மன்னர் தலை இல்லை. நாட்டின் இலச்சினை வந்துவிட்டது. 1972இல் குடியரசானதும் அந்த இலச்சினையும் மாறியது.

1963ஆம் ஆண்டுக் காசுகளைக் காணும்போது இன்னொன்றும் தோன்றும். தனிச் சிங்களச் சட்டம் வந்தது 1956இல். ஏழு ஆண்டுகளின் பின் வந்த அந்தக் காசுகளில் மூன்று மொழிகளும் இருந்தன. அரச அலுவலகத்தில் தனது மொழியில் ஒரு விண்ணப்பம் எழுத இயலாது நின்ற மனிதனின் சட்டைப்பைக்குள், அரசாங்கம் அச்சடித்த தமிழ் கிலுங்கிக்கொண்டிருந்தது. அரசியல் கட்டுரைகள் எத்தனையோ எழுதியிருக்கிறேன். அந்தக் காசு அளவுக்குச் சுருக்கமாக நான் எதையும் எழுதியதில்லை.

பேணியில் உள்ள மிகப் பழைய காசு எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது வந்தது. அயலவர் ஒருவர் தோட்டம் கொத்தும்போது மண்வெட்டியில் பட்டுத் தெறித்த செப்புக்காசு ஒன்றை, 'காசுப் பைத்தியம்' என்று பெயர் பெற்றிருந்த என்னிடம் தந்தார். பச்சையும் கறுப்புமாகக் களிம்பு ஏறியிருந்தது. கோயில் விளக்குத் துலக்குவதுபோல அதைப் பழப்புளியிலும் சாம்பலிலும் போட்டு, தும்பால் அரைமணிநேரம் தேய்த்தேன். செம்பு பளபளத்தது. பெருமையோடு எங்கள் வரலாற்று ஆசிரியரிடம் கொண்டு போனேன்.

அவர் அதை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். நெடுநேரம் எதுவும் பேசவில்லை. பின்னர் தென்னீர்க்குச்சியின் முனையால் காட்டினார். ஒருபுறம் நிற்கின்ற மனித உருவம். மறுபுறம் படுத்திருக்கும் நந்தி. நந்தியின் மேலே பிறை. கீழே இரண்டு தமிழ் எழுத்துக்கள் இருந்திருக்க வேண்டும்: 'சேது'. யாழ்ப்பாண இராச்சியத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் தம்மைச் சேதுகாவலர் என்று சொல்லிக்கொண்டவர்கள். அவர்கள் வெளியிட்ட காசு அது. முதலியார் இராசநாயகம் 1926இல் வெளியிட்ட 'பண்டைய யாழ்ப்பாணம்' பற்றிய ஆங்கில நூலையும், கொட்றிங்டன் 1924இல் இலங்கை நாணயங்கள் பற்றி எழுதிய நூலையும் அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். எனது காசில் 'து' ஓரளவு தெரிந்தது. 'சே' இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது.

"ஐந்நூறு வருசம் மண் காப்பாத்தி வைச்சதை நீ அரை மணித்தியாலத்திலை அழிச்சுப் போட்டாய் தம்பி" என்றார் ஆசிரியர். அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

பின்னர் அவர் கேட்ட கேள்விகள் எனது வாழ்க்கையோடு கலந்துவிட்டன. எந்தக் காணியில் கிடைத்தது? எவ்வளவு ஆழத்தில்? கூடவே ஓட்டுத் துண்டுகள், மணிகள் ஏதும் இருந்தனவா? யார் கண்டெடுத்தார்? எப்போது? எங்களுக்கு அருகேயுள்ள கந்தரோடையிலும், மன்னாரின் மாதோட்டத்திலும் உரோமரின் சிறு செப்புக்காசுகள்கூடக் கிடைத்திருக்கின்றன என்றும், எங்கே கிடைத்தது என்று தெரிந்தால் மட்டுமே காசு வாய் திறந்து பேசும் என்றும் சொன்னார். "காசை வைச்சிருக்கிறது பெரிய காரியமில்லை. எங்கையிருந்து வந்தது எண்டு எழுதி வை."

அன்று முதல் ஒவ்வொரு காசுக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதத் தொடங்கினேன். யாரிடமிருந்து வந்தது, எங்கே, எப்போது. அதையும் காசையும் சேர்த்துச் சிறு கடதாசிப் பொட்டலமாக மடித்துப் பேணியில் வைப்பேன். யார், எங்கே, எப்போது என்ற மூன்று கேள்விகளையும் பத்திரிகை அலுவலகத்தில் எனக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வெளியேறியது. எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசிக்கச் சில மணிநேரமே இருந்தது. பத்திரங்கள், அரிசி, அம்மாவின் மருந்து, மாற்றுடுப்பு ஆகியவற்றோடு சைக்கிள் நிறைந்துவிட்டது. நாணயப் பேணி பாரமானது. மற்றவர்கள் நகைகளையும் பாத்திரங்களையும் புதைத்ததுபோல நானும் கிணற்றடி வாழையின் கீழ் பேணியைப் புதைத்தேன். மழையில் நனைந்தவாறு செம்மணியைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்த அந்த இரவைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் பேணியின் கதையை மட்டும் சொல்கிறேன்.

1996 ஏப்ரல் இறுதிக்குப் பின்னர் திரும்பி வந்தோம். வீட்டுக்குக் கூரை பாதி இல்லை. வாழையடியில் ஒரு குழி. யாரோ நகை என்று எண்ணித் தோண்டியிருக்கிறார்கள். பேணி கவிழ்ந்து கிடந்தது. காசுகள் மண்ணில் சிதறியிருந்தன. தோண்டியவர் கண்ணுள்ளவர். ஐந்தாம் ஜோர்ஜின் வெள்ளிக் காசுகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. செம்பையும் பித்தளையையும் அலுமினியத்தையும் தொடவில்லை. பளபளப்பும் மங்கி எழுத்தும் தெரியாத சேதுக் காசையும் வெறும் செப்புத் துண்டென்று விட்டுப் போயிருந்தார்.

எனது சேகரிப்புக்கு முதன்முதலாக விலை மதித்தவர் அந்த முகமறியாத மனிதர்தான். அந்தக் காலத்தில் யார் எந்த நிலையில் என்ன தேடினார்கள் என்று யாருக்குத் தெரியும்? அவர்மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை. வெள்ளி போனதும் பெரிதாக வருத்தவில்லை.

வருத்தியது வேறொன்று. மாரி மழையில் துண்டுச் சீட்டுகள் அனைத்தும் கூழாகிப் போயிருந்தன.

இரண்டு நாட்கள் மண்ணை அரித்துக் காசுகளைப் பொறுக்கினேன். பின்னர் முற்றத்தில் குந்தியிருந்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து நினைவிலிருந்து மீண்டும் எழுதினேன். 'அப்புவின் கடை லாச்சி.' 'ஆச்சியின் சேலை முடிச்சு.' 'கீரிமலைக்குப் போன பஸ்ஸில் கொண்டக்டர் தந்த மிச்சம்.' 'கைவிசேடம், 1978.' பலவற்றைக் கை உடனே அறிந்துகொண்டது. நாற்பதுக்கும் மேற்பட்ட காசுகளுக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஆண்டும் தெரிகிறது, உலோகமும் தெரிகிறது, ஆனால் யார் தந்தார்கள் என்று தெரியவில்லை. அவற்றைத் தனியே ஒரு பையில் வைத்திருக்கிறேன். ஒரு நாணய வியாபாரிக்கு அவற்றுக்கும் மற்றவற்றுக்கும் எந்த வேறுபாடும் இல்லை. எனக்கோ அவை வெறுங்காசுகள். மீண்டும் எழுதிய சீட்டுகளிலும் சில பிழையாக இருக்கக்கூடும். உறுதிப்படுத்தாத செய்தியை வெளியிடக் கூடாது என்று பயின்றவன் நான். அந்தச் சீட்டுகளின் மூலையில் சிறிய கேள்விக்குறி ஒன்று இட்டிருக்கிறேன்.

இரண்டாவது விலை மதிப்பு 2022இல் நிகழ்ந்தது. இலங்கையில் இருந்தவர்களுக்கு அந்த ஆண்டை விளக்க வேண்டியதில்லை. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. எனது துணைவியார் தொடர்ந்து எடுக்கவேண்டிய மருந்து கிடைப்பதே அரிதாயிற்று. கிடைத்தாலும் விலை இரண்டு மடங்கு. பத்திரிகைச் சம்பளம் அப்படியே இருந்தது. ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் பேணியைப் பையில் வைத்துக்கொண்டு கொழும்பில் ஒரு நாணய வியாபாரியிடம் போனேன்.

அவர் தமது தொழிலில் தேர்ந்தவர், மரியாதையானவர். உருப்பெருக்கியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஐயா, இது ரொம்பப் பாவிச்சது." "இந்த வருஷத்துக் காசு எல்லார்கிட்டயும் இருக்கு." "இதைக் கழுவியிருக்கீங்க. கழுவின காசுக்கு விலை இல்லை." இறுதியில் ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்தார். புத்த ஜயந்தி 2500ஆம் ஆண்டை முன்னிட்டு 1957இல் வெளியிடப்பட்ட வெள்ளி ஐந்து ரூபா. ஏறத்தாழ 28 கிராம் நிறை. கொழும்புக்கு வந்தபின், பழைய பத்திரிகை நண்பர் ஒருவர் வெளிநாடு போகும்போது எனக்குத் தந்தது. "இதுக்குத் தரலாம். மத்ததையெல்லாம் வேணும்னா நிறைக்கு எடுத்துக்கிறேன்" என்றார்.

சேதுக் காசைக் கண்டதும் சற்றுத் தயங்கினார். தேய்ந்திருந்தாலும் இதற்கு வெளியில் ஆள் இருக்கிறது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அத்தகைய பொருளை அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக இயலாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றி மேலே பேசவில்லை.

வெள்ளி ஐந்து ரூபாவை விற்றேன். அந்தப் பணத்தில் இரண்டு மாத மருந்து வாங்க முடிந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில், இழந்துவிட்டோம் என்ற துயரம் எப்போது வரும் என்று காத்திருந்தேன். அது வரவே இல்லை. ஏன் என்று பின்னர் யோசித்தேன். அந்தக் காசை நான் ஒருபோதும் சரியாகப் பார்த்ததே இல்லை. பெறுமதியானது என்று தெரிந்த நாள் முதல் அதைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு வைத்திருந்தேன். கைரேகை பட்டால் விலை குறையும், ஈரம் பட்டால் நிறம் மாறும் என்ற பயம். மற்றக் காசுகளைக் கொட்டி அளைந்த எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் அது உறைக்குள்ளேயே கிடந்தது. பேணியில் அது வாடகைக்கு இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

நண்பரின் நினைவு அந்தக் காசோடு போய்விடவில்லையா என்று கேட்கலாம். அவருடைய சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 'விற்றது, 2022, மருந்துக்காக' என்று அதன் கீழ் எழுதி வைத்திருக்கிறேன். அந்த நண்பருக்கு இதைத் தெரிவித்தபோது, தமது அன்பளிப்புகளில் அதுவே சிறந்தது என்றார்.

முதலீட்டுக்காக நாணயம் வாங்குபவர்களை இழிவாகச் சொல்வது எனது நோக்கமன்று. ரூபாவின் பெறுமதி ஓர் ஆண்டுக்குள் இவ்வாறு கரைந்துபோன நாட்டில், சேமிப்பை உலோகமாக மாற்றி வைத்திருப்பவரை எப்படிக் குறை சொல்வது? இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். விலை அறிந்தவர் காசைக் காப்பாற்றுகிறார். விலை அறியாத அன்பினால் ஐந்நூறு ஆண்டு எழுத்தைப் புளியில் கரைத்தவன் நான். ஆசை மட்டும் இருந்தால் போதும் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால், முதலீட்டாளரின் கண்ணும் எனது கண்ணும் ஒரே காசில் வெவ்வேறு இடத்தைப் பார்க்கின்றன. அவருக்குத் தேய்மானம் குறை. புழங்காத காசுக்கே உயர்ந்த விலை. கடையில் மாறாத, சேலையில் முடியாத, குழந்தையின் கை படாத காசே அவருக்குச் சிறந்தது. எனக்கோ தேய்மானம்தான் காசின் வாழ்க்கை. 1943ஆம் ஆண்டு ஐம்பது சதத்தில் மன்னரின் காது மழுங்கியிருக்கிறது என்றால், எத்தனை ஆயிரம் பெருவிரல்கள் அதன்மேல் சென்றிருக்க வேண்டும். அவற்றில் ஒன்று ஆச்சியின் விரல். நிறைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று வியாபாரி சொன்னபோது அவர் பிழையாக மதிக்கவில்லை. அவரது தராசில் அந்த விரலை வைக்க இடமில்லை, அவ்வளவே.

சேதுக் காசு பற்றி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அது எனது பேணியில் இருக்க வேண்டியதன்று. எனக்குப் பிறகு அதை யார் எங்கே கொண்டுபோவார் என்பதற்கு உத்தரவாதமில்லை. யாழ்ப்பாணத்தில் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் அரும்பொருளகத்தில் அதை ஒப்படைக்க எண்ணியுள்ளேன். எந்தக் காணி, எவ்வளவு ஆழம், யார் கண்டெடுத்தார் என்ற சீட்டையும், அதைத் தேய்த்து அழித்தவர் யார் என்ற தகவலையும் சேர்த்துத்தான் கொடுப்பேன். ஆசிரியர் இன்று இல்லை. இருந்திருந்தால் சீட்டைத்தான் முதலில் வாசித்திருப்பார்.

கடந்த சித்திரைப் புத்தாண்டுக்கு ரொறன்ரோவிலிருந்து தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். அவனுடைய மகளுக்குப் பதினொரு வயது. பேணியைக் கண்டதும் துணியின்மேல் தானே கொட்டினாள். சதக் காசுகளை அவள் கண்டதில்லை. இலங்கைக் கடைகளில் சதம் கொடுத்து வாங்கும் காலம் எப்போதோ போய்விட்டது. அவள் பிறந்த கனடாவிலும் ஒரு சதக் காசு அச்சிடுவதை 2012இல் நிறுத்திவிட்டார்கள். "பெரியப்பா, இது ஏன் சதுரமா இருக்கு?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல், "கண்ணை மூடு" என்றேன். அவளது உள்ளங்கையில் ஐந்து சதம், இரண்டு சதம், பத்துச் சதம் என்று ஒவ்வொன்றாக வைத்தேன். மூன்றாவது சுற்றில் அவள் பிழைவிடவில்லை. பெரிய ஆச்சிக்குக் கண் தெரியாது என்பதையும், அவர் கடைக் கணக்கில் ஒருபோதும் ஏமாந்ததில்லை என்பதையும் அதன் பின்னர்தான் சொன்னேன்.

வருடப் பிறப்பன்று காலை, வெற்றிலையில் அந்தச் சதுர ஐந்து சதத்தை வைத்து அவளுக்குக் கைவிசேடமாகக் கொடுத்தேன். சீட்டையும் சேர்த்து மடித்துக் கொடுத்தேன். அவள் அதைப் பிரித்து, 'ஆச்சியின் சேலை முடிச்சு' என்பதை எழுத்துக்கூட்டி வாசித்தாள். "இதை வித்தா எவ்வளவு வரும்?" என்று அவள் கேட்கவில்லை. "இதை நான் செலவழிக்கலாமா?" என்றுதான் கேட்டாள்.

கைவிசேடக் காசை உடனே செலவழிக்கக் கூடாது என்று சொன்னேன்.